ஒரு ரன்: 2019 ஃபைனல் ஏன் இன்னும் வலிக்குது?

இன்னிக்கு எபிசோட் முழுக்க ஒரே ஒரு ரன்னைப் பத்தித்தான். 2019 மே 12, ஞாயிற்றுக்கிழமை, ஹைதராபாத் ராஜீவ் காந்தி ஸ்டேடியம். மும்பை இந்தியன்ஸ் 149, சென்னை சூப்பர் கிங்ஸ் 148. நீங்க மும்பை ஃபேனா இருந்தா தாராளமா சிரிச்சுக்கிட்டே கேக்கலாம், இன்னிக்கு உங்க நாள்.

இதுக்கு அப்புறம் சென்னை ரெண்டு கப் ஜெயிச்சாச்சு. அந்த மேட்ச்ல ஆடினவங்க பல பேர் ரிட்டயர்டு ஆயாச்சு. இருந்தும் எங்க செட்ல நாலு பேர் ஒண்ணா உக்காந்தா, பேச்சு எப்படியோ சுத்தி அந்த ராத்திரிக்கே வந்து நிக்குது. பெரிய வித்தியாசத்துல தோத்த மேட்ச் எதுவும் இப்படி நிக்கல. அதே சீசன்ல சேப்பாக்கத்துல 109-க்கு ஆல் அவுட் ஆகி, 46 ரன்ல இதே மும்பைகிட்ட தோத்தோம். அது யாருக்காவது ஞாபகம் இருக்கா? இல்லல்ல. அப்போ அந்த ஒரு ரன்ல என்னதான் இருக்கு? அதைத்தான் கொஞ்சம் பிரிச்சுப் பாக்கப் போறோம்.

முதல்ல பின்னணி. அந்த ஃபைனல் நியாயமா சென்னையில நடந்திருக்கணும். முந்தின வருஷம் கப் ஜெயிச்ச டீமோட ஊருக்கு ஃபைனல் வர்றதுதான் வழக்கம். ஆனா சேப்பாக்கத்துல ஐ, ஜே, கே-ன்னு மூணு ஸ்டாண்டு வருஷக்கணக்கா பூட்டிக் கிடந்துச்சு. சுமார் 12,000 பேர் உக்காரக்கூடிய இடம். அதுக்கு அனுமதி கிடைக்காததால ஃபைனல் ஹைதராபாத்துக்குப் போச்சு. 2016, 2017 ரெண்டு வருஷம் டீமே தடையில இருந்துச்சு. 2018-ல திரும்பி வந்தா, காவிரிப் போராட்டத்துனால சேப்பாக்கத்துல ஒரே ஒரு மேட்ச்தான் ஆட முடிஞ்சது, மிச்சமெல்லாம் புனே. அந்தக் கோலத்துல கப்பையும் ஜெயிச்சு, அடுத்த வருஷமும் ஃபைனல் வரைக்கும் வந்தாச்சு. ஆனா சொந்த ஊர்ல ஆடக் குடுத்துவைக்கல.

சொந்த ஊருன்னு நான் சொன்னதே ஒரு வேடிக்கைதான். நான் சங்கரன்கோவில்காரன். எங்க ஊர்ல இருந்து சென்னை சுமார் 600 கிலோமீட்டர். சாயங்காலம் பொதிகை ஏறினா மறுநாள் காலையில எழும்பூர். அந்த ஃபைனல்ல ஆடின பதினோரு பேரை எண்ணிப் பாருங்க: டுப்ளெசி, வாட்சன், ரெய்னா, ராயுடு, தோனி, பிராவோ, ஜடேஜா, தீபக் சாஹர், ஷர்துல் தாக்கூர், ஹர்பஜன், இம்ரான் தாஹிர். ஒருத்தர்கூட தமிழ்நாட்டுக்காரர் கிடையாது. ஆனாலும் 'நாம தோத்துட்டோம்'னுதான் சொல்றோம். யாரு இந்த 'நாம'? அதுக்குப் பின்னாடி வர்றேன்.

இப்போ மேட்ச். மும்பை டாஸ் ஜெயிச்சு பேட்டிங் எடுத்தாங்க. தீபக் சாஹர் 3 விக்கெட், தாஹிர் ரெண்டு, ஷர்துல் ரெண்டு. பொல்லார்டு மட்டும் 25 பந்துல 41 அடிச்சு கடைசி வரைக்கும் நின்னாரு. கடைசி ஓவர் பிராவோ. வைடு குடுக்கலன்னு பொல்லார்டு கோவப்பட்டு, பந்து போட வர்றப்போ கிரீஸை விட்டு நடந்தே போயிட்டாரு. அம்பயர்கள் கூப்பிட்டுப் பேசினாங்க, அபராதமும் போட்டாங்க. அதுக்கு அப்புறம் கடைசி ரெண்டு பந்தும் ஃபோர். இந்த எட்டு ரன்னைக் கொஞ்சம் மனசுல வெச்சுக்கோங்க.

150 டார்கெட். ஆரம்பம் அமர்க்களம். டுப்ளெசி 13 பந்துல 26. ஒரு கட்டத்துல 70-க்கு ஒரு விக்கெட். அங்க இருந்து 82-க்கு நாலு. நாலாவது விக்கெட் தோனி, ரன் அவுட், 8 பந்துல 2 ரன். மலிங்கா எறிஞ்ச த்ரோ ஸ்டம்ப்பைத் தாண்டிப் போச்சு. ஓவர்த்ரோவுல ரெண்டாவது ரன்னுக்கு ஓடினாரு. இஷான் கிஷன் நேரா ஸ்டம்ப்பை அடிச்சாரு. தேர்டு அம்பயர் ரொம்ப நேரம் பாத்துட்டு அவுட் குடுத்தாரு.

இந்த இடத்துல ஒரு சின்ன கணக்கு. தோனி அவுட்டா இல்லையான்னு அன்னைக்கு நாடே ஸ்கிரீன்ஷாட் எடுத்து சண்டை போட்டுச்சு. ஒரு கோணத்துல பேட் கோட்டைத் தாண்டின மாதிரி, இன்னொரு கோணத்துல தாண்டாத மாதிரி. ஒரு ஆள் நொடிக்கு 6 மீட்டர் வேகத்துல ஓடுறாருன்னு வைங்க. கேமரா நொடிக்கு 50 ஃபிரேம் எடுக்குதுன்னு வைங்க. அப்போ ஒரு ஃபிரேமுக்கும் அடுத்த ஃபிரேமுக்கும் நடுவுல பேட் 12 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். இன்னும் வேகமான கேமரா, நொடிக்கு 250 ஃபிரேம்னாலும் ரெண்டரை சென்டிமீட்டர் கிட்ட வரும். பெய்ல் ஸ்டம்ப்பை விட்டுக் கிளம்பின அந்தத் துல்லியமான கணம் ரெண்டு ஃபிரேமுக்கு நடுவுல விழுந்துச்சுன்னா, பேட் அப்போ எங்க இருந்துச்சுன்னு படம் சொல்லாது. நாமதான் ஊகிக்கணும். அந்த ஊகத்தை நம்ம மனசு நம்ம ஜெர்சி கலர்லதான் நிரப்புது. பேட் கோட்டு மேல இருந்தாலும் விதிப்படி அவுட்தான், தாண்டி இருக்கணும். என்னோட தீர்ப்பைக் கேட்டீங்கன்னா, அம்பயர் குடுத்தது சரி. இதைச் சொன்னதுக்கு எங்க தெருவுல ரெண்டு பேர் என்கிட்ட பேசறதில்ல.

அப்புறம் ஷேன் வாட்சன். கடைசி 5 ஓவர்ல 62 வேணும். மேட்ச் முடிஞ்சுதுன்னு பாதிப் பேர் எந்திரிச்சுட்டாங்க. 16-வது ஓவர் மலிங்கா, 20 ரன். 17 பும்ரா, நாலே ரன். 18 க்ருணால் பாண்டியா, வாட்சன் வரிசையா மூணு சிக்ஸர், அந்த ஓவர்லயும் 20. இப்போ 12 பந்துல 18. பும்ராவோட 19-வது ஓவர்ல பிராவோ அவுட். ஆனா கடைசிப் பந்தை கீப்பர் டிகாக் விட்டுட்டாரு, நாலு பைஸ். பும்ரா திட்டல, போய் தோள்ல தட்டிக் குடுத்தாரு. எதிர் டீம்தான், ஆனாலும் அந்தக் காட்சி எனக்குப் பிடிக்கும். அன்னைக்கு அவரு நாலு ஓவருக்கு 14 ரன், ராகுல் சாஹரும் நாலு ஓவருக்கு 14 ரன். எட்டு ஓவர்ல 28 ரன். தோத்தது உண்மையில அங்கதான். ஆனா யாரும் அதைப் பேச மாட்டோம், ஏன்னா அது கடைசிப் பந்து கிடையாதே.

6 பந்துல 9. மூணு ஓவர்ல 42 ரன் குடுத்திருந்த மலிங்கா கையில ரோஹித் பந்தைக் குடுத்தாரு. முதல் பந்து ஒண்ணு, ரெண்டாவது ஒண்ணு, மூணாவது ரெண்டு. நாலாவது பந்துல ரெண்டாவது ரன்னுக்கு ஓடி வாட்சன் ரன் அவுட். 59 பந்துல 80. மறுநாள் ஹர்பஜன் சொல்லித்தான் தெரியும், முட்டியில அடிபட்டு ரத்தம் வழிஞ்சு பேண்ட்டே சிவந்துபோய் ஆடியிருக்காரு, மேட்ச் முடிஞ்சு ஆறு தையல் போட்டிருக்காங்க. அந்த போட்டோவை வால்பேப்பரா வெச்சிருந்த பசங்க எங்க ஊர்ல எனக்கே நாலஞ்சு பேரைத் தெரியும்.

2 பந்துல 4. ஷர்துல் தாக்கூர் உள்ள வர்றாரு. அஞ்சாவது பந்து, ஸ்கொயர் லெக் பக்கம் தட்டி ரெண்டு ரன். ஒரு பந்து, 2 ரன். ஒண்ணு எடுத்தா சூப்பர் ஓவர். மலிங்கா வேகத்தைக் குறைச்சு, காலுக்குக் குறி வெச்சு ஒரு ஸ்லோ பந்து. ஷர்துல் பெருசா சுத்தினாரு. எல்பிடபிள்யூ.

ஷர்துலும் ரோஹித்தும் மும்பையில ஒரே ஸ்கூல், ஒரே கோச் தினேஷ் லாட். ஷர்துல் பெருசாத்தான் சுத்துவாருன்னு ரோஹித்துக்குத் தெரியும், அதனாலதான் வேகத்தைக் குறைச்சாங்க. நம்ம பையன் எங்க அடிப்பான்னு எதிராளிக்கு ஸ்கூல்ல இருந்தே தெரிஞ்சிருக்கு பாருங்க.

இப்போ நான் இதை எப்படிப் பாத்தேன்னு சொல்றேன், ஏன்னா அதுல ஒரு டெக்னிக்கல் விஷயம் இருக்கு. மாடியில நாங்க அஞ்சு பேர், ஒரே போன், செவுத்துல சாய்ச்சு வெச்சு ஹாட்ஸ்டார். கீழ ஹால்ல அப்பா டிவியில பாத்துக்கிட்டு இருந்தாரு. எங்களுக்கு இன்ஜினியரிங் முடிஞ்ச நேரம். அந்த மாசத்துக்கு அப்புறம் ஒருத்தன் ஓஎம்ஆர், ஒருத்தன் பெங்களூரு, ஒருத்தன் துபாய், ஒருத்தன் வீட்டுத் தறியைப் பாக்கப் போறான். ஒண்ணா உக்காந்து பாக்கிற கடைசி மேட்ச்னு யாரும் வாய்விட்டுச் சொல்லல, ஆனா எல்லாருக்கும் தெரியும்.

போன்ல வர்ற லைவ் உண்மையில லைவ் கிடையாது. வீடியோவைச் சில நொடி நீளமுள்ள துண்டு துண்டா வெட்டி, சர்வர்ல ஏத்தி, உங்க போன் அதுல ரெண்டு மூணு துண்டை முன்னாடியே சேத்து வெச்சுக்கிட்டுத்தான் ஓட்டும். நடுவுல நெட் விக்கினாலும் படம் நிக்கக்கூடாதுல்ல, அதுக்காக. அதனால டிவியை விட போன் பின்னாடி வரும், பல நேரம் அரை நிமிஷம்கூட. அன்னைக்கு முழுக்க தெருவுல சத்தம் முதல்ல வரும், எங்க போன்ல சிக்ஸர் அப்புறம் வரும். கடுப்பாத்தான் இருந்துச்சு. கடைசிப் பந்துக்கு மலிங்கா எங்க போன்ல இன்னும் பந்தைத் தேய்ச்சுக்கிட்டு நிக்கிறாரு. தெருவுல சத்தமே இல்ல. ஒரு விசில் இல்ல, ஒரு வெடி இல்ல. நாங்க அஞ்சு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்கல. எல்லாருக்கும் புரிஞ்சுபோச்சு. ஆனா போனை யாரும் ஆஃப் பண்ணல. என்ன நடக்கப் போகுதுன்னு தெரிஞ்சே அந்தப் பந்தைப் பாத்தோம்.

அன்னைக்கு ஹாட்ஸ்டார்ல ஒரே நேரத்துல பாத்தவங்க 1 கோடியே 86 லட்சம் பேர், அப்போ அது சாதனை. ரெண்டு மாசத்துல, ஜூலை 10, உலகக்கோப்பை அரையிறுதியில அது 2 கோடியே 53 லட்சமா ஏறுச்சு. அங்கயும் யாரு ரன் அவுட்? தோனியேதான், மார்ட்டின் கப்தில் த்ரோவுல. அந்த நேரத்து ஹாட்ஸ்டார் கிராஃபை அவங்க இன்ஜினியர்களே பின்னாடி பொதுவுல காட்டினாங்க. தோனி அவுட் ஆனதும் ஒரு செங்குத்தான பள்ளம், கோடிக்கணக்கான பேர் வெளியேறி, எண்ணிக்கை சில லட்சத்துக்கு வந்துடுது. பேக்எண்ட் வேலை பாக்கிறவங்களுக்கு ஏறுற கூட்டத்தை விட இந்த இறங்குற கூட்டம் பெரிய பயம். வீடியோவை மூடினவங்க எல்லாரும் ஒரே நொடியில ஹோம் பேஜுக்கு வந்து விழுவாங்க, அந்த சர்வர் அதைத் தாங்கணும். மனசு உடையறதுக்கு கிராஃப் இருக்குமான்னு கேட்டா, எங்க தொழில்ல அது இதுதான்.

சரி, ஏன் ஒரு ரன் இப்படி வலிக்குது? 1992 பார்சிலோனா ஒலிம்பிக் வீடியோக்களை வெச்சு 1995-ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு. மெட்வெக், மேடி, கிலோவிச்னு மூணு உளவியலாளர்கள். வெள்ளி வாங்கினவங்களை விட வெண்கலம் வாங்கினவங்க முகத்துலதான் சந்தோஷம் அதிகமா தெரிஞ்சுதாம். வெண்கலக்காரர் 'நல்லவேளை, ஒண்ணுமே இல்லாமப் போயிருப்பேன்'னு கீழ பாக்குறாரு. வெள்ளிக்காரர் 'தங்கம் இந்தா இங்கதானே இருந்துச்சு'ன்னு மேல பாக்குறாரு. 46 ரன்ல தோத்தா மாத்தி யோசிக்க எதுவுமே இல்ல, மனசு கதவைச் சாத்திடும். ஒரு ரன்ல தோத்தா 240 பந்துக்கும் ஒரு கதவு திறந்தே கிடக்கு. பொல்லார்டோட அந்தக் கடைசி ரெண்டு ஃபோர்ல ஒண்ணைத் தடுத்திருந்தா? ரெய்னா 14 பந்துல 8 எடுத்தாரே, அதுல ஒரு ஒத்தை ரன் கூட வந்திருந்தா? இப்படி ஒவ்வொண்ணாத் திறந்து பாத்துக்கிட்டே இருக்கலாம்.

அதுல எல்லாரும் கைவைக்கிற கதவு அஞ்சாவது பந்து. ஷர்துல் ரெண்டு ஓடாம ஒண்ணோட நின்னிருந்தா, ஜடேஜா ஸ்ட்ரைக்குக்கு வந்திருப்பாரே? வந்திருப்பாரு. ஆனா அப்போ ஒரு பந்துல 3 வேணும். கேப்பைப் பாத்துத் தட்டி ஓடினா ரெண்டுதான் வரும், அது சூப்பர் ஓவர். ஜெயிக்கணும்னா கிட்டத்தட்ட பவுண்டரி அடிச்சே ஆகணும், அதுவும் மலிங்கா பந்துல. ஷர்துலுக்கு ஒரு ரன் எடுத்தாலே தோல்வி இல்ல. பேப்பர்ல போட்டுப் பாத்தா ரெண்டு ஓடினது தப்பில்ல. ஆனா ஷர்துலை அந்த வருஷம் முழுக்க மீம்ல வறுத்தெடுத்தோம். நாங்க வேலையில சர்வர் விழுந்தா போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் எழுதுவோம், அதுல முதல் விதியே கடைசியா பட்டன் அமுக்கினவன் மேல பழி போடக்கூடாதுங்கிறது. கிரிக்கெட் ஃபேனுக்கு அந்த விதி கிடையாது போல. அந்த ஷர்துல்தான் 2021 ஜனவரியில பிரிஸ்பேன்ல நம்ம வாஷிங்டன் சுந்தரோட சேந்து 123 ரன் பார்ட்னர்ஷிப் போட்டு டெஸ்ட்டைக் காப்பாத்தினாரு. மீம் போட்ட அதே பசங்க 'லார்டு'ன்னு ஸ்டேட்டஸ் வெச்சாங்க.

இப்போ அந்த 'நாம'. 1976-ல ராபர்ட் சியால்டினியும் அவர் குழுவும் அமெரிக்கக் கல்லூரிகள்ல ஒரு ஆய்வு பண்ணாங்க. அங்க காலேஜ் ஃபுட்பால்னா நம்ம ஊர் ஐபிஎல் மாதிரி ஒரு வெறி. சனிக்கிழமை காலேஜ் டீம் ஜெயிச்சா, திங்கக்கிழமை காலேஜ் பேர் போட்ட டி-ஷர்ட் கிளாஸ்ல அதிகமாத் தெரியுமாம். ஜெயிச்ச மேட்ச்சைப் பத்திக் கேட்டா 'நாங்க ஜெயிச்சோம்', தோத்ததைப் பத்திக் கேட்டா 'அவங்க தோத்துட்டாங்க'. இதைப் படிச்சப்போ எனக்குச் சிரிப்பு வந்துச்சு. ஏன்னா எங்க மாடியில அன்னைக்கு ஒருத்தன்கூட 'சிஎஸ்கே தோத்துருச்சு'ன்னு சொல்லல. 'தோத்துட்டோம்லே'ன்னுதான் சொன்னான். தோத்த அன்னைக்கும் 'நாம'ங்கிற வார்த்தை நழுவாம இருந்துச்சுன்னா, அந்த ஆளு வெறும் கூட்டத்தோட சேந்தவன் இல்ல. ரெண்டு வருஷத் தடை அப்பவும் மஞ்சச் சட்டையைப் பெட்டியில பத்திரமா வெச்சிருந்தவன் அவன்.

இதுல எங்க ஊருக்கு ஒரு பழைய அனுபவமும் உண்டு. சங்கன், பத்மன்னு ரெண்டு நாகராஜாக்கள், ஒருத்தர் சிவன் ஃபேன், இன்னொருத்தர் பெருமாள் ஃபேன், யாரு பெருசுன்னு சண்டை. கோமதி அம்மன் தவம் இருந்து, சாமி பாதி சிவனா பாதி விஷ்ணுவா சங்கரநாராயணரா வந்து நின்னாருன்னு தல புராணம். ஆடித்தபசு திருவிழாவே அதுக்குத்தான். ஆனா தோனி பாதி, ரோஹித் பாதியா யாராவது வந்து நின்னாலும் எங்க தெரு ஒத்துக்காது.

அப்பா விஷயத்துக்கு வர்றேன். கீழ இறங்கினா அவரு டிவியை அமத்திட்டு, 'ஏல, போய்ப் படு. இதெல்லாம் ஒரு தோல்வியா?'ன்னாரு. அவருக்குத் தோல்வின்னா 1999 ஜனவரி 31. அதுவும் ஞாயிற்றுக்கிழமைதான். சேப்பாக்கம் டெஸ்ட், பாகிஸ்தான், டார்கெட் 271. 82-க்கு 5 விக்கெட் போன இடத்துல இருந்து முதுகுவலியோட சச்சின் 136, மோங்கியா 52. இன்னும் 17 ரன் இருக்கும்போது சக்லைன் பந்துல சச்சின் அவுட். மிச்ச மூணு விக்கெட்டும் நாலு ரன்ல காலி. 12 ரன்ல தோல்வி. மேன் ஆஃப் த மேட்ச் வாங்கக்கூட சச்சின் வெளிய வரல. அதுக்கு அப்புறம் மைதானத்தைச் சுத்தி வந்த பாகிஸ்தான் டீமுக்கு சேப்பாக்கம் எந்திரிச்சு நின்னு கை தட்டுச்சு. அப்பா அதைச் சொல்லும்போது ஸ்கோரைச் சொல்ல மாட்டாரு, அந்தக் கைதட்டலைத்தான் சொல்வாரு. எங்க தலைமுறையால அது முடியுமான்னு எனக்குச் சந்தேகம்தான். ஹைதராபாத்துல மலிங்காவுக்கு நான் கை தட்டியிருக்க மாட்டேன்.

ஒரு துணுக்கு. 2017 ஃபைனலும் அதே ஹைதராபாத் மைதானம், அங்கயும் மும்பை ஜெயிச்சது ஒரே ரன்ல, 129-க்கு எதிரா புனே 128. தோத்த புனே டீம்ல தோனி இருந்தாரு. ரெண்டு வருஷத்துல ஒரே கிரவுண்டு, ஒரே எதிரி, ஒரே ரன். 2019 மேட்ச் முடிஞ்சு அவரு பேசினது, ரெண்டு டீமும் கப்பை மாத்தி மாத்திக் குடுத்துக்கிட்டோம், ஒரு தப்பு கம்மியா பண்ணவங்க ஜெயிச்சாங்கங்கிற அளவுதான். அவ்வளவு நிதானமா.

அன்னைக்குக் கடைசிப் பந்துல ரன்னர் எண்டுல பேட்டைப் பிடிச்சுக்கிட்டு ஓடத் தயாரா நின்னவர் ஜடேஜா. அந்தப் பந்து அவரு கைக்கு வரல. நாலு வருஷம் கழிச்சு, 2023, அகமதாபாத், மழையில தள்ளிப்போய் நடுராத்திரி தாண்டின ஃபைனல். மோஹித் சர்மா, 2 பந்துல 10 வேணும். இந்தத் தடவை ஸ்ட்ரைக்ல ஜடேஜா. சிக்ஸ், ஃபோர். தோனி அவரைத் தூக்கினது உங்களுக்கே தெரியும். அப்போ நாங்க அஞ்சு பேரும் அஞ்சு ஊர்ல, வீடியோ கால்ல. துபாய்க்காரனோட நெட்தான் எங்க எல்லாரையும் விட வேகம். அவன் முதல்ல கத்தினான், எங்களுக்குப் பந்து அப்புறம்தான் வந்துச்சு.

அந்த ரெண்டு பந்தை இதுவரைக்கும் ஒரு நூறு தடவையாவது பாத்திருப்பேன். 2019 கடைசி ஓவரை இந்த எபிசோடுக்காகத்தான் திரும்பப் போட்டேன், அஞ்சாவது பந்தோட நிறுத்திட்டேன். அடுத்த வாரம் வேற ஒரு விஷயத்தோட வர்றேன், மக்களே.